வெள்ளைச் சேலையை மடித்து வையுங்கள்

சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேடத்தில் மேடையேறியபோது கூட்டத்தில் இருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்பது தமிழ் நாடக உலகில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. சனீஸ்வரனாக நடித்துவிட்டு விடியற்காலையில் வேடம் கலைக்கப் போனவரைப் பார்த்து இன்னொரு பெண் அதே இடத்தில் விழுந்து இறந்தாள் என்றும் சொல்வார்கள். அதன்பின் அவர் அரிதாரத்தைக் கைவிட்டு, நாடகம் எழுதுவதிலும் சிறுவர்களைப் பழக்குவதிலும் இறங்கினாராம். கிரேக்கர்களிடமும் இப்படி ஒரு கதை உண்டு. கி.மு. 458இல் ஏதென்ஸில் எஸ்கிலஸின் நாடகத்தில் பழிவாங்கும் தேவதைகள் கூட்டமாக உள்ளே வந்தபோது குழந்தைகள் மயங்கி விழுந்தார்கள், கர்ப்பிணிகளுக்குக் கரு கலைந்தது என்கிறது அந்தக் கதை.

இவற்றில் எவ்வளவு மெய், எவ்வளவு கூட்டிச் சொன்னது என்பதை இனித் தீர்க்க முடியாது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இரு வேறு மக்கள் மேடையைப் பற்றி ஒரே மாதிரிக் கதையை நம்பியிருக்கிறார்கள். எமன் வரும் சாவித்திரி நாடகத்தைப் பார்க்க வந்த பெண்ணுக்கு அவன் யார் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவனைப் பற்றிய அச்சத்தை அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், மூச்சுவிடும் ஓர் உடல் வந்து நின்றது. நேரடி மேடையின் திகில் இப்படித்தான் பிறக்கிறது. பாதியை நடிகர் கொடுக்கிறார், மீதியைப் பார்க்க வந்தவர் கொடுக்கிறார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் நாடகம் போடுகிறவர்கள் இந்த மீதிப் பாதியை நம்ப வேண்டும். பேய் நாடகம் என்றதும் நம் மேடையில் வழக்கமாக வந்து நிற்பது வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், புகை இயந்திரம், ஒலிபெருக்கியில் ஒரு சிரிப்பு. எல்லாம் சினிமாவிலிருந்து வந்தவை. 'சந்திரமுகி' (2005), அதற்கு மூலமான மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) ஆகிய இரண்டுமே ஒரு பெண்ணின் மனத்துக்குள் நடக்கும் கதைகள். அவற்றைப் பார்த்து மேடைக்கு எழுதும்போது மனம் எங்கேயோ நழுவிவிடுகிறது, உருட்டிய கண்ணும் சலங்கையும் மட்டும் மிஞ்சுகின்றன. காமிரா முகத்துக்கு ஒரு சாண் தூரம் வரை போகும். பெரிய மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் கண்ணே தெரியாது. அங்கே அரிதாரத்தைக் கூட்டக் கூட்டச் சிரிப்புதான் வரும்.

ரத்தத்தைக் கூட்டினாலும் இதே கதிதான். பாரிஸில் 1897 முதல் 1962 வரை கிராண்ட் கின்யோல் என்றொரு சிறிய அரங்கு இருந்தது. கண்ணைத் தோண்டுவதும் கழுத்தை அறுப்பதும் அங்கே அன்றாடக் காட்சிகள். உலகப் போரின் கொடுமைகளைப் பார்த்துவிட்ட மக்களுக்கு மேடை ரத்தம் பெரிதாகத் தெரியாமல் போனதுதான் அது மூடியதற்குக் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள்.

லண்டனில் 1989 முதல் 2023 மார்ச் வரை 13,232 முறை நடந்த 'தி வுமன் இன் பிளாக்' நாடகம் வேறு வழியில் போனது. அது பிறந்த விதத்தை நம் ஊர்க் குழுக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1987இல் ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரின் ஸ்டீபன் ஜோசப் தியேட்டரில், கிறிஸ்துமஸ் காலத்துக்கு ஒரு பேய்க் கதை தேவைப்பட்டது. கையில் பணம் குறைவு, நடிகர்களும் குறைவு. இயக்குநர் ராபின் ஹெர்ஃபோர்டு கேட்டுக்கொண்டபடி, சூசன் ஹில் 1983இல் எழுதிய நாவலை ஸ்டீபன் மாலட்ராட் இரண்டே நடிகர்கள் பேசி நடிக்கும் நாடகமாக மாற்றினார். அரங்கின் மதுக்கூடத்தில்தான் அது முதலில் நடந்தது. பணமில்லாமல் பிறந்த நாடகம் 33 ஆண்டுகளுக்கு மேல் லண்டனில் ஓடியது.

அந்த நாடகத்தில் ஒரு பிரம்புப் பெட்டி குதிரை வண்டியாகிறது, பிறகு மேசையாகிறது, கட்டிலாகிறது. ஸ்பைடர் என்றொரு நாயும் வருகிறது. உண்மையில் நாயே கிடையாது. நடிகர் குனிந்து காற்றைத் தடவிக்கொடுக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த நாய் சதுப்பு நிலத்தில் சிக்கிக்கொள்ளும்போது பார்ப்பவர்கள் பதறுகிறார்கள். இல்லாத நாயை ஏற்றுக்கொண்டவர்கள், பூட்டிய கதவுக்குப் பின்னால் இல்லாத ஆளையும் ஏற்றுக்கொள்கிறார்கள். கதவு திறக்கும் நேரத்தில் யாரும் கத்த வேண்டிய அவசியமே இல்லை.

பேயே இல்லாமலும் திகிலூட்ட முடியும் என்பதற்கு பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய 'கேஸ் லைட்' சாட்சி. தினமும் மாலையில் கணவன் வெளியே போகிறான். அவன் போன சிறிது நேரத்தில் கூடத்து எரிவாயு விளக்கு மங்குகிறது, அவன் திரும்பி வரும் முன் மறுபடி பிரகாசமாகிறது. உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மனைவியை நம்பவைக்கிறான் அவன். உண்மையில், அதே வீட்டின் மேல்தளத்துக்குத் திருட்டுத்தனமாக ஏறி, அங்கே விளக்கை ஏற்றிக்கொண்டு நகைகளைத் தேடுகிறான். ஒரே குழாயில் வரும் வாயு அங்கே போவதால் கீழே வெளிச்சம் குறைகிறது. இதில் மேடைக்கே உரிய பலம் ஒன்று இருக்கிறது. விளக்கு மங்குவதை அவளோடு சேர்ந்து அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தும் எழுந்து போய்ச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு டிம்மரும் அதை நிதானமாகக் கையாளத் தெரிந்த ஒருவரும் போதும்.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்று கேட்பவர்கள் தெருக்கூத்தைப் பார்க்கலாம். துகிலுரிதல் காட்சியில், துச்சாதனன் வேடம் கட்டியவர் திரௌபதியின் சேலையில் கைவைக்கும் முன் கூத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் வட தமிழ்நாட்டில் உண்டு. நடிகரே அஞ்சுகிறார் என்பதைக் கண்ணால் கண்ட பிறகு கூட்டம் எப்படிச் சும்மா இருக்கும்? பலருக்குச் சாமி வந்துவிடும்.

அரிச்சந்திர மயான காண்டத்தையும் நினைத்துப் பாருங்கள். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுமந்து சந்திரமதி நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வருகிறாள். காவல் நிற்கும் கணவன் அவளை அடையாளம் தெரியாமல் கூலி கேட்கிறான். பிறகு அவனே அவளை வெட்ட வாளை ஓங்க வேண்டிய நிலை வருகிறது. சுடுகாட்டில் பேய் வந்து ஆடினாலும் அந்த நேரத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து இந்த ஒரு பகுதியை எண்ணற்ற இரவுகள் நடித்துப் புகழ்பெற்றார். கதை முழுவதும் தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். திகிலுக்கு எதிர்பாராத திருப்பம் வேண்டும் என்ற நினைப்பு இங்கே அடிபட்டுப் போகிறது. வாள் இறங்கப்போகிறது என்று தெரிந்திருப்பதே போதிய அச்சம்.

மலேசியத் தமிழருக்குக் கூடுதலாக ஒரு பயிற்சியும் இருக்கிறது. இன்று மின்னல் எஃப்எம் ஆகியிருக்கும் வானொலியின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மோடு உண்டு. படியேறும் செருப்புச் சத்தம், தாழ்ப்பாள் விலகும் ஓசை, பிறகு ஒன்றுமே இல்லாத ஐந்து விநாடி: இதை வைத்தே ஒரு வீட்டை, ஓர் ஆளை, ஒரு ஆபத்தை மனத்துக்குள் கட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்தத் திறமை மேடைக்கு வராமல் போனது பெரிய இழப்பு. நம் நாடகங்களில் பின்னணி இசை ஒரு கணம்கூட ஓய்வதில்லை. மௌனத்துக்கு இடமே கிடைப்பதில்லை.

கதைகள் எங்கே என்று தேட வேண்டியதில்லை. போர்ட் கிள்ளானின் பழைய பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1901 செப்டம்பரில் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி, துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு வரை போனது. கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். காய்ச்சல் வேகத்தில் ஊரில் விட்டுவந்த தாயைக் கூடவே காணும் ஒரு கூலித் தொழிலாளி, நான்கு சுவர், ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. இதற்கு மேல் ஒரு திகில் நாடகத்துக்கு என்ன வேண்டும்? கப்பலில் வந்து இறங்கியவர்களை நாள்கணக்கில் அடைத்துவைத்த தனிமைப்படுத்தும் முகாமும் இந்த ஊரில்தான் இருந்தது. வெளியே கப்பல் சங்கு ஊதுகிறது, உள்ளே ஒருவருக்கும் தேதி தெரியவில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரியது சயாம் மரண ரயில். 1942இலும் 1943இலும் 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தக் காட்டுக்குள் நடந்ததை எழுதின. மேடை எழுத வேண்டியது லயத்து வீட்டுக்குள் நடந்ததை. போனவன் மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறான். வந்தவன் அவன்தானா என்று மனைவிக்குச் சந்தேகம். சாப்பாட்டை ஒளித்துவைக்கிறான், தூக்கத்தில் யாருடனோ பேசுகிறான். அவன் பேசும் பெயர்கள் எல்லாம் பக்கத்து வீடுகளில் இன்னும் காத்திருக்கும் பெண்களின் கணவன்மார் பெயர்கள். இங்கே இரண்டு மணி நேரத்துக்குப் பேயின் தேவையே இல்லை.

காத்திருப்பதை மட்டும் வைத்து நாடகம் எழுத முடியும் என்று மலேசிய எழுத்தாளர் கே. எஸ். மணியம் காட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதிய 'தி சாண்ட்பிட்' நாடகத்தில், வராத ஒரு கணவனைச் சுற்றி அவன் மனைவியர் இருவர் பேசுகிறார்கள். இயக்குநர் கிருஷன் ஜித் அதை மேடையேற்றினார். மேடைக்கே வராத அந்த ஆண்தான் நாடகம் முழுவதும் நிறைந்திருக்கிறான். தமிழ்க் குழுக்கள் இதைத் தமிழில் போடுவதற்கு இன்னும் ஏன் தயங்க வேண்டும்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். மனத்தின் திகில் என்று கிளம்பினால் மனநோயாளியைப் பேயாக்கும் ஆபத்து பக்கத்திலேயே நிற்கிறது. 1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரை நம் மக்கள் இன்றும் வசைச் சொல்லாகப் புழங்குகிறார்கள். அந்த வசைக்கு மேடை ஒத்து ஊதக் கூடாது. நோயுற்றவரைப் பார்த்து அஞ்ச வைக்கும் நாடகம் மலிவானது. அவருக்குள் உட்கார்ந்து அவர் அஞ்சுவதை நாமும் அஞ்ச வைப்பதில்தான் நாடகக்காரரின் வேலை இருக்கிறது. குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் 'அன்னை இட்ட தீ' நாடகத்தில் போரால் சிதைந்த மனங்களை இப்படித்தான் அணுகினார். கிளந்தானின் மாயின் புத்தெரி சடங்கில் நோயாளியே ஆடிப்பாடித் தன் உள்ளே அடைபட்டதை வெளியேற்றுகிறார், சுற்றம் கூடி நின்று பார்க்கிறது. நம் நாட்டிலேயே இருக்கும் இந்தக் கண்ணியத்தை நம் எழுத்தாளர்கள் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும்.

செய்முறைக்கு வந்தால், முதல் சிக்கல் இருட்டு. எந்த மண்டபத்திலும் பச்சையாக எரியும் 'கெலுவார்' (வெளியேறும் வழி) விளக்கை அணைக்கக் கூடாது. ஆபத்து நேரத்தில் உயிர் காப்பது அதுதான். அதனால் முழு இருட்டு கிடைக்காது. ஆனால் மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். விளக்கை அணைப்பதற்கு முந்திய சில விநாடிகள் மேடையைப் பளீரென்று வைத்துவிட்டு வெட்டினால், அந்தப் பச்சை வெளிச்சம் இருந்தும் பார்ப்பவருக்கு எதிரே எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் பக்கத்து நடைபாதையில் ஒருவர் நடந்து போனாலே போதும். மெல்லிய பூ வாசனை பின்வரிசையிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. பொந்தியானாக் என்ற பெண்பேயின் கதை கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை கிள்ளானில் உண்டா? பூ வாசனை வந்தால் அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திரைப்படத்தால் இந்த வாசனையைக் கொடுக்க முடியாது.

இதற்கெல்லாம் ஆயிரம் பேர் மண்டபம் ஒத்துவராது. நூறு பேர் உட்காரும் அறை, செந்தூலில் உள்ள கேஎல்பேக் அரங்கின் சிறிய கூடம் போன்றது, அல்லது வார இறுதியில் காலியாகக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூட அறை போதும். இதய நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நுழைவாயிலிலேயே அறிவிப்பு வைக்க வேண்டும். நடுவில் எழுந்து போக விரும்புகிறவருக்கு வழிகாட்ட ஆள் நிற்க வேண்டும்.

பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். உடைக்கும் சுவரொட்டிக்கும் செலவழித்த பிறகு, ஒளி ஒலிக்காரர்கள் நாடகத்தன்று மதியம் வந்து, கதை என்னவென்று தெரியாமலேயே பொத்தானை அழுத்துவது நம் குழுக்களில் பழகிப்போன காட்சி. திகில் நாடகத்தில் அவர்கள் மூன்றாவது நடிகர். முதல் வாசிப்பிலிருந்தே ஒத்திகையில் உட்கார வேண்டியவர்கள். நாடகப் போட்டி நடத்தும் சங்கங்கள் அடுத்த முறை அறிவிப்பு எழுதும்போது ஒளிக்கும் ஒலிக்கும் தனி மதிப்பெண் ஒதுக்கட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் மண்டபத்தில் முழு நாள் தொழில்நுட்ப ஒத்திகை கிடைக்க வழிசெய்யட்டும். வாடகை கூடும் என்பது உண்மைதான். ஆறு குழுக்களை மேடையேற்றும் இடத்தில் நான்கை ஏற்றினால் அந்தச் செலவு சரிக்கட்டிப் போகும்.