கானாவில் போன கரன்ட்

எண்ணூர் விரைவு சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்காத வடசென்னைவாசி யாரும் இருக்க முடியாது. எந்த லாரியில் எந்தப் பெட்டி இருக்கிறது, அது எந்தக் கப்பலில் ஏற வேண்டும், கேட்டைத் திறக்கலாமா என எல்லாவற்றையும் சொல்வது கணினிதான். அது படுத்துவிட்டால் லாரி டிரைவர் முதல் கப்பல் கேப்டன் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

2017 ஜூன் 27 அன்று அப்படித்தான் நடந்தது. சென்னையில் அல்ல, மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில். அங்கு ஒரு முனையத்தை நடத்தி வந்தது மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனம். உக்ரைனில் ஒரு கணக்குவழக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பிய ‘நாட்பெட்யா’ வைரஸ், சில மணி நேரத்தில் உலகம் முழுக்க அந்த நிறுவனத்தின் கணினிகளைத் துடைத்துப் போட்டது.

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், 2,500 மென்பொருள்கள்... எல்லாவற்றையும் பத்தே நாளில் மறுபடி நிறுவியதாக அதன் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார். ஒரு கணினிக்கு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். ஒரே ஆள் உட்கார்ந்து செய்தால், இரவு பகல் தூங்காமல் பத்து வருடம் ஆகும்!

இத்தனை கணினிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து தயார் செய்ய முடியாது. அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. ராயபுரத்தில் ஒரு பள்ளியின் லேபில் 20 கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் விண்டோஸ், பிரின்டர், தமிழ் எழுத்துரு எல்லாவற்றையும் பொறுமையாகப் போட வேண்டும். பிறகு ‘சிஸ்பிரெப்’ என்ற கருவியால் அந்தக் கணினிக்கே உரிய பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் 20 கணினிகளும் ஒரே பெயரோடு எழுந்து, ஒன்றோடு ஒன்று சண்டை போடும். இனி அந்த டிஸ்கை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுத்து சர்வரில் வைத்தால் போதும். இதைத்தான் ‘இமேஜ்’ என்கிறார்கள். மற்ற 19-ம் நெட்வொர்க் கேபிள் வழியாக அதை வாங்கிக்கொள்ளும். நியூசிலாந்தில் பிறந்த ‘கோஸ்ட்’ என்ற மென்பொருள் தொண்ணூறுகளில் இதை உலகப் பிரபலமாக்கியது. பெயர்தான் பேய், செய்ததெல்லாம் நல்ல வேலை.

மெர்ஸ்க் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். இமேஜ் இருந்தால் கணினி எழுந்துவிடும். ஆனால் யார் ஊழியர், யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்ற பட்டியல் ‘டொமைன் கன்ட்ரோலர்’ சர்வர்களில் இருந்தது. சுமார் 150 சர்வர்கள். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று நம்பி, அதற்குத் தனியாக பேக்கப் வைக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யார் நினைத்தார்கள்?

தப்பியது ஒன்றே ஒன்று, ஆப்பிரிக்காவின் கானாவில். வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை! இணையம் வழியாக அனுப்பலாம் என்றால் அங்கே வேகம் போதவில்லை. டிஸ்கை எடுத்துக்கொண்டு பறக்கலாம் என்றால் ஊழியர்களிடம் இங்கிலாந்து விசா இல்லை. கடைசியில் கானாவிலிருந்து ஒருவர் நைஜீரியா விமான நிலையம் வரை கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுசேர்த்தார்.

சின்ன லேப், டியூஷன் சென்டர் நடத்துபவர்களுக்கு இதே வேலையை இலவசமாகச் செய்கிறது தைவானில் உருவான ‘குளோன்ஸில்லா’. இமேஜ் எடுக்கும் முன் அந்தக் கணினியில் வைரஸ் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்தே 20 ஆகும். எடுத்ததும் ஒரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு, கழற்றி பீரோவில் வையுங்கள். எடுத்த தேதியை டிஸ்க் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய இமேஜ் என்றால், அப்டேட் எல்லாம் போட்டு முடித்த பிறகே பிள்ளைகளை உட்கார வையுங்கள்.