விருந்தினருக்கு எதைக் காட்டுவோம்?

விடுமுறை வந்துவிட்டால் எங்கள் பேரையூர்ப் பக்கத்து வீடுகளில் விருந்தினர் கூட்டந்தான். சென்னையிலிருந்து சித்தப்பா வருவார். மலேசியாவிலிருந்து அத்தை வருவார். வந்தவர்கள் தவறாமல் கேட்பது, "மதுரையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பதுதான்.

நாமும் உடனே ஒப்பிப்போம்: மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரம், ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள், திருமலை நாயக்கர் மகால் 1636-இல் கட்டப்பெற்றது. இவை யாவும் கண்குளிரக் காணவேண்டியவையே. ஆயினும், உயரத்தைச் சொன்னால் மட்டும் போதுமா? கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரமுடையது. அதைத் தினமும் பார்க்கும் அத்தைக்கு நம் அடிக்கணக்கு எம்மாத்திரம்? வேறெங்கும் காண முடியாத ஒன்று மதுரையில் உண்டு. அது இங்கே மனிதர் செய்த நற்செயல். அதையே முதலில் காட்ட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அந்தக் கோபுர வாயிலையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் அதன் வழியே உள்ளே செல்ல முடியாது. அவர்களுக்கு இடமில்லாத கோயிலுக்குள் தாமும் வரமாட்டேன் என்று காந்தியடிகள் விலகி நின்றார். 1939 ஜூலை 8 அன்று மதுரை வைத்தியநாத ஐயர், கக்கன் முதலியோரை அழைத்துக்கொண்டு ஆலயத்தினுள் நுழைந்தார். அந்தக் கக்கனே பின்னாளில் தமிழக அமைச்சரானார். 1946-இல் காந்தியடிகளும் உள்ளே சென்றார். இதைச் சொல்லிக் காட்டினால், அந்த வாயில் கோபுரத்தைவிட உயர்ந்து தோன்றாதா?

கோயிலிலிருந்து நடந்துபோகும் தொலைவில் மேலமாசி வீதி இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அங்கே ஒரு மாடி வீட்டில் தங்கியிருந்தபோதுதான், ஏழைகளின் நிலையை எண்ணிக் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். இறுதிவரை அதுவே அவர் உடை. தமுக்கத்தில் இராணி மங்கம்மாளின் அரண்மனை 1959-இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாயிற்று. அண்ணல் சுடப்பட்டபோது அணிந்திருந்த துணியின் ஒரு பகுதி அங்கே உள்ளது. துணியைத் துறந்த ஊரிலேயே அந்தத் துணி இருப்பதைக் கண்டால் யாருடைய நெஞ்சுதான் கலங்காது?

அவ்வளவு தூரங்கூடப் போகவேண்டாம். பேரையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் தே.கல்லுப்பட்டி வருகிறது. அங்குள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தைச் சார்ந்து தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனிலும் அமெரிக்காவிலும் பயின்ற பொருளியல் அறிஞர் அவர். விரும்பியிருந்தால் பெருநகரில் சுகமாக வாழ்ந்திருக்கலாம். கிராமத்தின் கைத்தொழிலே நாட்டின் உயிர் என்று கருதி இங்கு வந்தார். 1960 ஜனவரி 30, அண்ணல் மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார். நம் பேருந்து நின்று செல்லும் ஊரில் இத்தகைய பெருமகன் வாழ்ந்திருக்க, விருந்தினருக்கு அதைச் சொல்லாமல் கடந்துபோவது முறையா?

"ஊர் சுற்ற வந்தவர்களுக்குச் சரித்திர வகுப்பா?" என்று சிலர் நகைக்கலாம். வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வாயிலில் நின்று நான்கு வாக்கியம் சொன்னால் போதும். புகைப்படம் எடுத்துக்கொண்டு புறப்படுபவர் கோபுரத்தை மறந்துவிடலாம். கேட்ட கதையை மறக்கமாட்டார்.

ஆகவே தோழியரே, பெற்றோரே! அடுத்த விடுமுறைக்கு முன் அவரவர் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அருகிலுள்ள ஓர் இடத்தின் கதையையாவது அறிந்துகொள்வோம். காசு கேட்கும் வழிகாட்டி நமக்கு எதற்கு? வீட்டுப் பெண்பிள்ளைகளாகிய நாங்களே வழிகாட்டுவோம்.