இளங்கொடியும் சீம்பாலும்

ஐப்பசி பிறந்து, வாடைக் காற்று எழும்பி, நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகாமல் கரையில் கிடக்கும் நாட்களில், தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சந்துகளில் வலைக் குவியலின் ஓரத்திலோ வீட்டுத் தாழ்வாரத்திலோ ஒரு வெள்ளாடு குட்டி போடுமானால், சூழ்ந்து நிற்கும் பெண்களில் மூத்தவள் வாயிலிருந்து முதலில் வருவது ஒரு தடையுத்தரவு: "ஏட்டி, இளங்கொடி விழட்டும், அதுவரைக்கும் குட்டிய மடியில விட்டுராத." இந்தக் கரையில் மட்டுமன்று, கொடி ஆடு, கன்னி ஆடு என்னும் இனங்கள் வளரும் விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசல் காடுகளிலும், தமிழகத்தின் பல பாகங்களிலும் வேதவாக்காக நிலைத்துவிட்ட இந்த அபிப்பிராயம் முற்றிலும் பிழையானது, மழைக்காலத்திலோ அது கொலைக்குச் சமானம் என்றே சொல்வேன்.

குட்டி பால் குடித்தால் இளங்கொடியாகிய நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கிவிடும் என்கிறார்கள். உண்மை இதற்கு நேர் விரோதமானது. குட்டி முட்டி முட்டிக் குடிக்கையில் தாயின் இரத்தத்தில் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு கலந்து, மடியில் பாலை இறக்குவதோடு நில்லாமல் கர்ப்பப்பையையும் சுருங்கச் செய்கிறது. கொடி வெளியேறுவதற்குத் துணை செய்வதும் அந்தச் சுருக்கமே. சீம்பால் மந்தம், கழிச்சல் தரும் என்றும் சொல்வார்கள். குடலில் தேங்கிய முதற் சாணத்தை அது இளக்கி வெளியேற்றுவதைக் கண்டு நோய் என்று மயங்கியவர்களின் பேச்சு அது.

இதனினும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மனிதக் குழந்தை, நோயை எதிர்க்கும் சக்தியில் ஒரு பங்கைக் கர்ப்பத்திலேயே கொடி வழியாகப் பெற்றுப் பிறக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டுவைத்த வீடுகளிலும் பிள்ளைகள் பல பிழைத்தது அதனால்தான். ஆடு மாடுகளின் கொடியோ அந்தச் சக்தியைக் கடத்துவதில்லை. அவற்றின் குட்டியும் கன்றும் வெறுங்கையோடு பூமிக்கு வருகின்றன. அவற்றுக்குரிய பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அதை உள்ளே வாங்கிக்கொள்ளும் குடலின் வாசலோ மணிக்கு மணி குறுகி, ஒரு நாளைக்குள் சாத்திக்கொள்கிறது. பசுவின் கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பனி உறையாத ஊரில் குளிர் என்ன செய்யும் என்று கேட்பவர்கள், இரண்டு கிலோ எடையுள்ள குட்டி, 39 டிகிரிச் சூடுள்ள தாய் வயிற்றிலிருந்து ஈரமும் நிணமுமாக வாடைக் காற்றில் விழுவதைக் கண்ணால் காண வேண்டும். உடம்பிலுள்ள சொற்பக் கொழுப்பு எரிந்து தீர்ந்தால், அடுத்த சூடு தாய்ப்பாலிலிருந்துதான் வர வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, இந்த மாவட்டத்துக் கால்நடைகளை வெள்ளம் வாரிக்கொண்டு போனபோது நாம் எல்லோரும் கலங்கினோம். வெள்ளமே வராத வருஷங்களில் பட்டினியாலும் விறைப்பாலும் சாகும் குட்டிகளுக்காக யாரும் கலங்குவதில்லை. அதற்குச் 'சீக்கு' என்று ஒரு பெயரை வைத்துவிட்டு எழுந்து போகிறோம்.

விழுந்த கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் சம்பிரதாயத்தோடு எனக்கு யாதொரு பிணக்கும் இல்லை. அது எந்தக் கன்றையும் பட்டினி போடவில்லை. என் கண்டனம் மடியை மறைக்கும் கையின் மீதுதான். குட்டி விழுந்ததும் காய்ந்த சாக்கால் துடைத்து, தாயை நக்கவிட்டு, காம்பின் முதற் பீச்சைத் தரையில் விட்டு, அரைமணிக்குள் வாயில் வையுங்கள். இரட்டையானால் மெலிந்ததை முதலில் விடுங்கள். இரண்டு கிலோக் குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது சிறுகச் சிறுகச் சேர வேண்டும். கடும்பு காய்ச்சுவதெல்லாம் அதற்கு மிஞ்சிய பாலில் நடக்கட்டும். ராத்திரி ஈன்ற ஆட்டுக்கு விடிந்தும் கொடி விழவில்லையானால், அதில் கல்லைக் கட்டித் தொங்கவிடாமல் கால்நடை மருத்துவரை அழைத்து வாருங்கள். அவர் வந்து பார்க்கும்போது குட்டி வயிறு நிறைந்து, தாயின் விலாவோடு ஒட்டிப் படுத்திருக்கட்டும்.