தூரத்தின் மீது பழி போடாதீர்கள்

“குன்றத்தூர், ஒரகடம் பக்கம் ஒருவருக்குப் பெருந்தமனி கிழிந்தால், சென்னை போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். டிராஃபிக்கைத் தாண்டி யார் காப்பாற்றுவது?” படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கைவிடுவதற்கு இது ஒரு சாக்காகிவிட்டது.

இதய அறுவை சிகிச்சை நடக்கும் ராமச்சந்திரா மருத்துவமனை போரூரில் இருக்கிறது. குன்றத்தூரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். தொழிற்சாலை ஷிஃப்ட் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும் நேரத்திலும் அங்கே போக நான்கு மணி நேரம் ஆகாது. நான்கு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பெருந்தமனிக் கிழிசலுக்கான பன்னாட்டுப் பதிவேடான ஐராட், 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்த பிறகு நோயைக் கண்டுபிடிக்க ஆன இடைநிலை நேரம் 4.3 மணி. பெரிய மருத்துவமனைகள் பங்கேற்ற பதிவேட்டின் கணக்கு இது. இதயத்தை ஒட்டிய பகுதி கிழிந்து சிகிச்சை கிடைக்காவிட்டால், தொடக்கத்தில் ஒவ்வொரு மணி நேரமும் நூற்றில் ஒன்றிரண்டு உயிர் போகும் என்பது நெடுநாள் கணக்கு. சாலையைவிடக் கட்டிலில்தான் நேரம் கரைகிறது.

“அரிய நோய், இதற்கென்று தனி ஏற்பாடு எதற்கு?” தனி ஏற்பாடு வேண்டாம், கேள்விகள் போதும். வலி திடீரென்று வந்ததா? வந்த நொடியே உச்சத்தில் இருந்ததா? நெஞ்சிலிருந்து முதுகுக்கு நகர்ந்ததா? ஐராடின் முதல் அறிக்கையில், 2000இல், 464 நோயாளிகளில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு வலி திடீரென்றுதான் தொடங்கியது. 72 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருந்தது. நைட் ஷிஃப்டையும் ஓவர்டைமையும் சாக்காக வைத்து பி.பி. மாத்திரையை விட்டுவிட்டவர்கள் ஒரகடம் தொழிற்பேட்டையில் இல்லையா?

“ஈ.சி.ஜி. நார்மல், கேஸ் ட்ரபிள்தான்.” அதே அறிக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு ஈ.சி.ஜி. நார்மலாகவே இருந்தது. அதை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

அடுத்த வாதம்தான் கடினமானது: “நெஞ்சுவலி என்றால் உடனே லோடிங் டோஸ், யோசிக்க நேரமில்லை.” 2023இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை லோடிங் டோஸாகத் தருகிறார்கள். நல்ல திட்டம், தொடர வேண்டும். பெருந்தமனிக் கிழிசலைவிட மாரடைப்பு பல மடங்கு அதிகம். ஆனால் கிழிந்த தமனிக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கேடு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியோ உயிருக்கே ஆபத்து. வலது பக்க இதயத் தமனியின் வாயைக் கிழிசல் அடைத்தால் ஈ.சி.ஜி.யும் மாரடைப்பைப் போலவே காட்டும். அதனால் மாத்திரைக்கு முன் ஒரு நிமிடம் கேளுங்கள், இரண்டு கையிலும் பி.பி. பாருங்கள். வலது கையில் கட்டிய பட்டையை அவிழ்த்து இடது கையில் கட்டுவதுதான் வேலை. 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் நோய் இல்லை என்று ஆகாது. அந்த 464 பேரில் நாடி வலுக்குறைந்திருந்தது சுமார் 15 சதவீதத்தினருக்கே.

“சி.டி. இல்லாத இடத்தில் என்ன செய்வது?” வலியைக் குறைக்கலாம். அழுத்தம் ஏறியிருந்தால், மருத்துவர் பீட்டா பிளாக்கரை முதலில் தந்து துடிப்பை 60க்குள்ளும், மேல் அழுத்தத்தை 100 முதல் 120க்குள்ளும் கொண்டுவரலாம். ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் இது கூடாது. முக்கியமாக, சி.டி. ஆஞ்சியோவும் அறுவை அரங்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்கே நேராக அனுப்ப வேண்டும். ‘பக்கத்து ஆஸ்பத்திரி’யில் ஒரு முறை, அங்கிருந்து இன்னொன்று என்று அலைவதில்தான் பொழுது போகிறது.

இது நடக்காத காரியமல்ல. மாரடைப்புக்காகத் தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2ஆகக் குறைந்தது. அதே வலைப்பின்னலில் பெருந்தமனிக் கிழிசலையும் சேர்க்கலாம். வண்டி கிளம்பும்போதே அறுவைக் குழுவுக்குப் போன் போக வேண்டும்: வலி தொடங்கிய நேரம், இரு கை அழுத்தம், கொடுத்த மாத்திரைகள்.