பல் சிகிச்சைக்கு உத்தரவாதம்: நாடாளுமன்றம் நழுவவிட்ட கேள்வி

புது தில்லி: மின்விசிறி வாங்கினால்கூட உத்தரவாத அட்டை கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய் செலவிட்டுப் பொருத்திய பல் உறை ஆறே மாதத்தில் உடைந்தால், அதை இலவசமாக மாற்றித் தர வேண்டியவர் யார்? இதற்கு இந்தியச் சட்டத்தில் நேரடியான பதில் இல்லை. பதில் கூறும் வாய்ப்பு நாடாளுமன்றத்துக்கு அண்மை ஆண்டுகளில் இருமுறை கிடைத்தும், இருமுறையும் நழுவிப் போனது.

கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவ சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் 'சேவை'யே என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 மசோதாவில் 'சேவை' என்பதற்கான விளக்கத்தில் இருந்த 'சுகாதாரம்' என்ற சொல் 2019 மசோதாவில் இடம்பெறவில்லை. அது கைவிடப்பட்டதை அன்றைய அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான் அவையில் தெரிவித்தார். ஆனால், அதனால் மருத்துவ சிகிச்சை 'சேவை'யின் வரம்பிலிருந்து விலகிவிடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2021-ல் கூறியது. அந்தத் தீர்ப்பில் தலையிட 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

எனவே, நோயாளி வழக்குத் தொடரலாம். வெல்வதுதான் கடினம். சிகிச்சையின் பலனுக்கு மருத்துவர் உத்தரவாதம் அளிப்பதில்லை என்பதை உச்ச நீதிமன்றமே 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் எடுத்துரைத்துள்ளது. உறை உடைந்தது என்பது மட்டும் போதாது. சிகிச்சையில் குறைபாடு இருந்ததை நிரூபிக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெற்று ஆணையத்தின் படியேற எத்தனை பேர் முன்வருவர்?

மருத்துவர்கள் தரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட இயலாது. பல்லைக் கடிக்கும் பழக்கம், வெற்றிலை பாக்கு, சுத்தமின்மை ஆகியவை நல்ல வேலையையும் கெடுத்துவிடும். உத்தரவாதம் கட்டாயமானால், காப்பாற்ற முயலலாம் என்ற நிலையில் உள்ள பல்லையும் பிடுங்கிவிடும் போக்கு வளரக்கூடும், கட்டணமும் உயரக்கூடும்.

எனினும் இதற்கு வழி கண்ட நாடுகள் உள்ளன. ஜெர்மனியில் அரசு மருத்துவக் காப்பீட்டின் கீழ் செய்யப்படும் பல் அடைப்புக்கும் செயற்கைப் பல்லுக்கும் இரண்டாண்டு பொறுப்பு மருத்துவருடையது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் அடைப்பு, உறை போன்றவை 12 மாதங்களுக்குள் பழுதானால், அதே மருத்துவமனை இலவசமாகச் சரிசெய்கிறது. ஆனால் அடிபட்டு உடைந்தாலோ, இது தாற்காலிக ஏற்பாடே என முன்கூட்டிக் கூறப்பட்டிருந்தாலோ அச்சலுகை இல்லை. குணமாகும் என்ற உறுதியை யாரும் கேட்கவில்லை. செய்த வேலைக்கும் பயன்படுத்திய பொருளுக்கும் உரிய பொறுப்பே கேட்கப்படுகிறது.

இந்தியாவில் சில வகை உறைகளுக்கு அட்டை தரப்படுவது உண்டு. அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தரும் உறுதி. மருத்துவரின் கைவேலைக்கு அல்ல. மருத்துவரே எழுத்தில் உறுதி தந்தால் அது அவருக்கு எதிரான ஆதாரமாகிறது. எதுவும் எழுதித் தராதவர் எளிதில் தப்பிவிடுகிறார். பொறுப்பேற்பவருக்கே ஆபத்து அதிகம் என்ற இந்த நிலையில், தாமாக முன்வந்து தருவார்கள் எனக் காத்திருப்பது பயன் தராது.

1948-ம் ஆண்டு பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. கல்வி, கல்லூரிக் கட்டணம், பதிவு, நெறிமுறை ஆகியவற்றைப் பேசும் அச்சட்டம், நோயாளிக்குத் தர வேண்டிய உத்தரவாதத்தைப் பேசவில்லை. ஆயினும் நெறிமுறைகளுக்கென ஒரு வாரியத்துக்கு அதில் இடமுண்டு. செய்த சிகிச்சை, பயன்படுத்திய பொருள், பொறுப்பேற்கும் காலம், விதிவிலக்குகள் ஆகியவற்றை எழுத்தில் தருவதை விதிமுறையாக்கினால், நேர்மையான மருத்துவருக்கும் அதுவே பாதுகாப்பாகும். நாடாளுமன்றம் சொல்லாமல் விட்டதை விதிமுறையாவது சொல்லட்டும்.