ஃபார்மட் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே புழுங்கிட்டு இருந்த விஷயம் மக்களே, இன்னைக்குக் கொட்டிடறேன். சூடு கொஞ்சம் தூக்கலா இருந்தா பொறுத்துக்கங்க.

என் தங்கச்சியோட காலேஜ் தோழி ஒருத்தி. ஊரு கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சியில பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறி, வெள்ளிமலையில எறங்கி அதுக்கும் அந்தாண்ட போவணும். மலையாளிப் பழங்குடி. (கேரளா இல்லீங்க. தமிழ் பேசுற மலை சனம், பேரே அதுதான்.) செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு வச்சிருந்தா. அதுல ஆறு மாச ப்ராஜெக்ட்டும், அவ பாட்டி பாடின கல்யாணப் பாட்டுங்களும் இருந்துச்சு.

ஒரு நாள் போன். "அண்ணா, லேப்டாப் ஆன் ஆவல. நீலக் கலர்ல என்னமோ வருது, திரும்பத் திரும்ப அதேதான்."

அன்னைக்கு நமக்கு ஆணி அதிகம். "கடையில குடும்மா, பாத்துக் குடுப்பாங்க"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

கடையில பாத்தாங்க. ஃபார்மட். ஐநூறு ரூபா. எல்லாம் போச்சு.

இதுல கொடுமை என்னன்னா, ரெண்டே வாரத்துல அதே நீலத்திரை மறுபடி வந்துச்சு! அவ போன்ல எடுத்து அனுப்பின படத்தைப் பாத்தேன். 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்', பக்கத்துலயே கிராஃபிக்ஸ் டிரைவர் ஃபைலோட பேரு. கடைக்காரர் தன் பென்டிரைவ்ல வச்சிருந்த அரதப் பழசான டிரைவரையே திரும்பப் போட்டு விட்டிருக்கார். நோய அப்படியே வச்சுட்டு நோயாளியோட நெனவ மட்டும் அழிச்ச வைத்தியம்.

டிரைவர்ங்கறது விண்டோஸுக்கும் வன்பொருளுக்கும் நடுவுல நிக்கிற மொழிபெயர்ப்பாளர். விண்டோஸ் அப்டேட் ஆகி மேல போயிடும், டிரைவர் பழசாவே நிக்கும். கிராஃபிக்ஸ் மாதிரி டிரைவருங்க கெர்னலுக்குள்ளயே ஓடறதால, அது ஒண்ணு தடுக்கி விழுந்தா மொத்த பொட்டியும் விழும். ஆனா உங்க ஃபைல் எல்லாம் டிஸ்க்ல பத்திரமாத்தான் இருக்கும். இதைத்தான் யாரும் சொல்றதில்ல.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தப்பான ஃபைலைப் படிச்ச டிரைவர் கவுந்து, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி உலகம் பூரா 85 லட்சம் பொட்டி படுத்துச்சு. நம்ம ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. அதுக்குச் சொன்ன வைத்தியம் என்ன? சேஃப் மோட்ல போயி அந்த ஒரு ஃபைலை அழி. அவ்ளோதான். விமான கம்பெனிக்கு சேஃப் மோட், மலைப்புள்ளைக்கு ஃபார்மட்டா?

நான் பண்ணினது இருபது நிமிஷ வேலை. விண்டோஸ் லோடு ஆவும்போதே பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ரெண்டு தடவை அணைச்சேன். அடுத்த தடவை தானா ரிப்பேர் திரை வந்துச்சு. அதுல ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் 4-ஐ அமுக்கினா சேஃப் மோட். (பிட்லாக்கர் போட்ட பொட்டின்னா 48 இலக்கச் சாவி கேக்கும். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும், இப்பவே எடுத்து எழுதி வைங்க.) உள்ள போனதும் மொத வேலையா ஃபைலையெல்லாம் பென்டிரைவ்ல காப்பி பண்ணேன். அப்புறம் டிவைஸ் மேனேஜர்ல அந்த டிரைவருக்கு 'ரோல் பேக்' இருக்கான்னு பாத்தேன், மங்கிக் கெடந்துச்சு. அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, லேப்டாப் மாடல் நம்பரைப் போட்டு, தயாரிச்ச கம்பெனியோட தளத்துலேர்ந்து புது டிரைவரை எறக்கிப் போட்டேன். அதுக்கப்புறம் நீலத்திரை வரல. சேஃப் மோடே வராத கேஸும் உண்டு. அப்பவும் லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி ஃபைலை எடுத்துடலாம்.

ஆனா மொத ஃபார்மட்ல போனது போனதுதான். ரெக்கவரி மென்பொருள் எல்லாம் ஓட்டிப் பாத்தாச்சு. எஸ்எஸ்டி-ல ட்ரிம்னு ஒண்ணு, அழிச்ச எடத்தைச் சுத்தமாத் தொடச்சு விட்டுடும். பாட்டி இப்ப இல்ல. ப்ராஜெக்ட்டைத் திரும்ப எழுதிட்டா. பாட்டை எங்க போயி எழுதறது?

கடைக்காரரை மட்டும் திட்ட மாட்டேன். ரெண்டு மணி நேரம் ஒக்காந்து காரணம் தேடினா அதுக்கு யாரும் காசு குடுக்கறதில்ல. ஃபார்மட்டுக்குத்தான் குடுக்கறோம். ஆனா "உள்ள என்ன இருக்கு, காப்பி எடுக்கவா?"ன்னு ஒரு வார்த்தை கேக்க என்ன செலவு?

நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்கதான் பெரிய குத்தவாளி. ஊர்ல இருந்து கேட்டா "வேற வாங்கிக்கோ", "லினக்ஸ் போடு", இல்ல என்னை மாதிரி "கடையில குடு". அரசாங்கமும் விதிவிலக்கில்ல. 2011-லேர்ந்து விலையில்லா மடிக்கணினி குடுத்தாங்க. 2025 பட்ஜெட்டுல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குன்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம், மனசார வரவேற்கறேன். கூடவே தமிழ்ல ஒரே ஒரு பக்கம், 'பொட்டி ஆன் ஆவலன்னா என்ன பண்ணணும்'னு அச்சடிச்சு ஒவ்வொரு லேப்டாப் பைக்குள்ளயும் வைங்கய்யா. அதைத்தான் கேக்கறேன்.

அடுத்த தடவை ஊர்ல இருந்து போன் வந்தா இருபது நிமிஷம் ஒதுக்குங்க மக்களே. ஆணி எங்கயும் ஓடிடாது.

டிஸ்கி: 'எல்லா டிரைவரையும் தானா அப்டேட் பண்ணும்'னு விளம்பரம் வர்ற மென்பொருள் பக்கமே போவாதீங்க. அது தனி வயித்தெரிச்சல்.