நேர்வரிசை எஞ்சினும் உழைப்பாளியின் உரிமையும்

யந்திரங்களின் பெருமையைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் வேகத்தையும் வலிமையையுமே எடுத்துப் பேசுவர். ஒரு மோட்டார் வண்டியின் விளம்பரத்தைக் காணின், இத்தனை குதிரைச் சக்தி என்பதே பெரிய எழுத்தில் முதற்கண் நிற்கும். அது எத்தனை வருஷம் உழைக்கும், பழுதுற்றால் அதனைத் திறந்து செப்பனிட எவரால் இயலும் என்னும் வினாக்களுக்கு அங்கே இடமிராது. பந்தயத்தில் ஓடும் வண்டிக்கு இவ்வளவுகோல் பொருந்தலாம். மரமும் செங்கல்லும் காய்கறியும் ஏற்றிப் பிழைக்கும் உழைப்பாளியின் சிறு லாரிக்கு இது பொருந்துமா? பொருந்தாது என்பதே எமது துணிபு. அதனை நிலைநாட்டும்பொருட்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முப்பது ஆண்டுக் காலம் சிறு லாரிகளை இழுத்துச் சென்ற ஓர் எஞ்சின் குடும்பத்தின் வரலாற்றைச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

ஃபோர்டு கம்பெனியார் 1965-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் இக்குடும்பத்தை அறிமுகம் செய்தனர். இதில் உடன்பிறந்தார் இருவர். இளையது 240 கன அங்குலக் கொள்ளளவு, அதாவது ஏறத்தாழ 3.9 லிட்டர் உடையது. மூத்தது 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர் உடையது. இரண்டிலும் ஆறு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்வரிசையில் நிற்கும். இரண்டிலும் சிலிண்டரின் குறுக்களவு சரியாக 4 அங்குலமே. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் இளையதில் 3.18 அங்குலம், மூத்ததில் 3.98 அங்குலம். ஒரு கருவை வைத்துக்கொண்டு, ஓர் அளவை மாத்திரம் மாற்றி, இருவேறு தேவைகளுக்கு இரு எஞ்சின்களைச் செய்த சிக்கனம் இங்கே கருதத்தக்கது. இளையது 1970-களில் மறைந்தது. மூத்தது 1996 வரை உற்பத்தியில் நிலைபெற்றது.

நேர்வரிசை அமைப்பின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். பிஸ்டன் என்பது மேலே சென்று நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மீண்டும் மேலே செல்வது. இவ்வாறு ஓடுவதும் நிற்பதுமாகிய கனத்த உறுப்பு எஞ்சினையே குலுக்காமல் இராது. ஆனால் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்பின் ஒரு நன்மை உண்டாகிறது. முதலாவதும் ஆறாவதும் ஒருங்கே ஏறி இறங்கும். இரண்டாவதும் ஐந்தாவதும் அவ்வாறே. மூன்றாவதும் நான்காவதும் அவ்வாறே. இம்மூன்று இணைகளும் ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் அமைந்திருத்தலின், ஓர் இணை தரும் அதிர்ச்சியை மற்றை இரண்டும் ஈடுசெய்துவிடுகின்றன. இதன் பொருட்டுத் தனியே ஓர் உறுப்பும் வேண்டுவதில்லை. சிலிண்டர்களை இரு சாரியாகப் பிரித்து ஆங்கில ‘வீ’ எழுத்தின் வடிவில் சாய்த்து நிறுத்தும் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில், இவ்வதிர்ச்சியை அடக்கச் சமனித் தண்டு என்னும் வேறோர் உறுப்பை அமைப்பதுண்டு. நேர்வரிசையிலோ அமைதி பிறவியிலேயே அமைந்தது.

இவ்வமைதியோடு உறுதியும் சேர்ந்தது. பிஸ்டன்களின் உந்துதலைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டை இக்குடும்பத்தில் ஏழு தாங்கிகள் ஏந்தி நிற்கின்றன. எனவே ஒவ்வொரு சிலிண்டரின் இருபுறத்திலும் தண்டுக்கு ஆதாரம் உண்டு. 1960-ஆம் ஆண்டு மாதிரியாக அதே கம்பெனியார் தமது சிறு காருக்கென வெளியிட்ட ஆறு சிலிண்டர் எஞ்சினில் தாங்கிகள் நான்கே இருந்தன என்பதை ஒப்பிட்டு நோக்கினால், பாரம் சுமக்க வேண்டியதற்கு வேறுவகையான முதுகெலும்பு வேண்டும் என்று அதன் சிற்பிகள் உணர்ந்திருந்தமை புலனாகும்.

இனி அதன் வலிமையைப் பார்ப்போம். 1987-இல் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீச்சும் முறை புகுத்தப்பட்டது. அதன் பின்னர் இவ்வெஞ்சின் தந்தது சுமார் 150 குதிரைச் சக்தியே. இக்காலத்துச் சிறு கார் ஒன்றும் அவ்வளவு தரும். ஆயினும் அதன் முறுக்குவிசை நிமிஷத்துக்கு 2000 சுற்று என்னும் தாழ்ந்த வேகத்திலேயே உச்சத்தை அடைந்து, 260 அடி-ராத்தல் அளவில் நின்றது. குதிரைச் சக்தி என்பது குறித்த காலத்தில் செய்யும் வேலையின் அளவு. முறுக்குவிசை என்பது சக்கரத்தைத் திருப்பும் திறன். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது ஓட்டுநனுக்கு வேண்டுவது பின்னதே. எஞ்சினை அலற வைத்துத்தான் பாரத்தை இழுக்கலாம் என்றால், ஒவ்வோர் உறுப்பும் அதற்கு விலை கொடுக்கும். 2000 சுற்றில் இவ்வெஞ்சினின் பிஸ்டன் ஒன்று நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1,327 அடி தூரம் ஓடுகிறது. சுற்று இரட்டித்தால் தூரமும் இரட்டிக்கும். தேய்மானமோ அதனினும் மிகும். மெல்லச் சென்று நெடுங்காலம் உழைப்பதன் இரகசியம் இதுவே.

இவ்வெஞ்சினின் மேன்மையாக நாம் சிறப்பாகக் கருதுவது வேறொன்று. லாரியின் முன்மூடியைத் தூக்கியவுடன் அதன் உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஆறு ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே பக்கத்தில் வரிசையாய் நிற்கும். காற்றை உள்ளே கொணரும் குழாயும் புகையை வெளியே போக்கும் குழாயும் மறுபக்கத்தில் இருக்கும். இரு சாரி எஞ்சினுக்குச் சிலிண்டர் தலை இரண்டு, இதற்கோ ஒன்றே. வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டைச் சுழற்றச் சங்கிலியும் இல்லை, ரப்பர் வாரும் இல்லை. கிராங்க் தண்டின் முனையிலுள்ள பல்சக்கரம் காம் தண்டின் பல்சக்கரத்தை நேரே கடித்துச் சுழற்றும். சங்கிலி நீளும், வார் அறும். பல்லோடு பல் பொருந்திய சக்கரத்துக்கு அவ்விரண்டு அச்சமும் இல்லை. கிராமத்துக் கொல்லனையொத்த அறிவும் சில சாவிகளும் உடைய ஒருவன், தன் வீட்டு முற்றத்திலேயே இவ்வெஞ்சினைப் பிரித்துக் கோக்கலாம். அமெரிக்க உழவரும் தச்சரும் அவ்வாறே செய்தனர். வீடுதோறும் நின்று நின்று செல்லும் பார்சல் வண்டிகளுக்கு யுனைடெட் பார்சல் சர்வீஸ் கம்பெனியாரும் இவ்வெஞ்சினைக் கையாண்டனர். லாரி அல்லாத வேலைகளிலும், மரக்கிளைகளைச் சிராய்களாக வெட்டும் யந்திரங்களிலும் விமான நிலையங்களில் மூட்டை முடிச்சுகளை இழுக்கும் சிறு வண்டிகளிலும், இது இடம்பெற்றது. அலுப்பின்றி ஒரே சீராக உழைக்க வேண்டிய இடமே இதற்கு ஏற்ற இடமாயிற்று.

இவ்வளவு கூறியதனால் இதன் குறைகளை மறைக்க முயல்கிறோம் என்று எவரும் எண்ணற்க. இரும்பு வார்ப்பாகலின் இது பெருங் கனமுடையது. காற்று புகும் வழியும் புகை போகும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்தமையால், மிக்க வேகத்தில் இதற்கு மூச்சு முட்டும். ஓசையைக் குறைப்பதற்காகப் பல வண்டிகளில் காம் தண்டின் பல்சக்கரத்தை உலோகத்தாலன்றி நாரும் பிசினும் சேர்ந்த பொருளால் செய்தனர். அதன் பற்கள் முதுமையில் உதிர்வதுண்டு. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுத் தூயகாற்றுச் சட்டமும் அதன் பின்வந்த விதிகளும் வண்டிப் புகைக்கு மேன்மேலும் கடுமையான வரம்பு விதித்தன. அவ்வரம்பு நியாயமானதே. ஒருவனுடைய லாரி நெடுநாள் ஓடவேண்டும் என்பதற்காக ஊரார் நச்சுப் புகையை உண்ணவேண்டும் என்று யாரும் வாதிக்க முடியாது. நேர்வரிசை எஞ்சின் நீளமானது; குறுகிய முகப்புடைய வண்டியில் அடங்காது. கார்களுக்கும் லாரிகளுக்கும் பொதுவான ஒரு குடும்பம் இருப்பின் உற்பத்திச் செலவு குறையும். இத்தகைய நிலையில், 1997-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த புதிய எஃப்-150 லாரியில், கார் எஞ்சின் குடும்பத்திலிருந்து பிறந்த 4.2 லிட்டர் ‘வீ’ வடிவ எஞ்சின் இதன் இடத்தைப் பெற்றது. அது 200-க்கு மேற்பட்ட குதிரைச் சக்தியுடையது. விளம்பர எண் உயர்ந்தது; ஆனால் முறுக்குவிசையின் உச்சத்தை அடைய அதிகச் சுற்று வேண்டியதாயிற்று.

நேர்வரிசை முறை இத்துடன் ஒழிந்ததோவெனின், இல்லை. 1989-இல் டாட்ஜ் லாரிகளில் புகுந்த கம்மின்ஸ் நேர்வரிசை ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினின் வழித்தோன்றல் இன்றும் அவ்வழி வந்த ராம் லாரிகளில் உழைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 2020-ஆம் ஆண்டு மாதிரியான தமது சிறு லாரிகளில் 3.0 லிட்டர் நேர்வரிசை டீசல் எஞ்சின் ஒன்றை அமைத்தனர். அலுமினிய உடலும் நுட்பமான கட்டுப்பாடும் உடைய அவ்வெஞ்சினைப் பூட்டிய லாரி ஒன்று, அமெரிக்க அரசாங்கத்தின் அளவைப்படி நெடுஞ்சாலையில் ஒரு காலனுக்கு 33 மைல் ஓடியது. பழைய இரும்பு எஞ்சின் கனவிலும் காணாத சிக்கனம் அது. அதன் சிற்பிகளுக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆயினும் அவ்வெஞ்சினிலேயே நமது வழக்குக்கு வேண்டிய சான்றும் இருக்கிறது. அதன் எண்ணெய்ப் பம்பை ஒரு வார் சுழற்றுகிறது. அவ்வாரை 1,50,000 மைலுக்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்பது முதலில் வகுத்த விதி. அந்த வாரோ எஞ்சினின் முன்புறத்தில் இல்லை. பின்புறத்தில், கியர்ப் பெட்டியோடு ஒட்டுமிடத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு வாரை மாற்றுவதற்காகக் கியர்ப் பெட்டி முழுவதையும் கழற்றி இறக்கவேண்டும். இதனைப் பின்புறத்தில் அமைத்தமைக்கு இடநெருக்கமும் பிறவும் தக்க காரணங்களாக இருந்திருக்கலாம். ஆனால் அக்காரணங்களைச் சீர்தூக்கிய மேசையில், ஆண்டுகள் பல கழிந்தபின் அந்த லாரியை மூன்றாங் கையாக வாங்கப்போகும் எளியவனுக்கு ஓர் ஆசனம் இட்டிருந்தார்களா? இதுவே நாம் கேட்கும் கேள்வி. வடிவம் நேர்வரிசையாக இருந்தால் மட்டும் போதாது; உள்ளத்திலும் நேர்மையான எளிமை வேண்டும்.

இரும்பால் வரும் தடையினும் கொடியது அறிவுக்கு இடும் பூட்டு. இக்கால வண்டிகளின் பழுதை அறியக் கணிப்பொறியின் குறிப்புகள் வேண்டும். அக்குறிப்புகளை உற்பத்தியாளர் தம் விற்பனை நிலையங்களுக்கு மட்டும் தந்து, வெளிப் பட்டறைகளுக்கு மறுப்பின், உடைமை யாருடையது? விலை கொடுத்தவன் வண்டியைப் பெற்றான். திறவுகோலோ விற்றவனிடமே தங்கிவிட்டது. மாசச்சூஸெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-இல் இக்கேள்விக்கு வாக்குச் சீட்டால் விடையளித்தனர். செப்பனிடுவதற்கு வேண்டிய செய்திகளை உடையவனுக்கும் அவன் தெரிந்தெடுத்த பட்டறைக்கும் தரவேண்டும் என்பது அவர்களது தீர்ப்பு. வண்டியிலிருந்து கம்பியின்றிச் செல்லும் செய்திகளுக்கும் அவ்வுரிமையை 2020-இல் விரித்தனர். உற்பத்தியாளர் சங்கத்தார் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். பாதுகாப்பைக் காட்டி அவர்கள் கூறிய காரணத்தை முற்றும் புறக்கணித்தல் தகாது. கள்வனும் அவ்வழியே புகக்கூடும். ஆனால் கள்வனுக்கு அஞ்சி வீட்டுக்கு உடையவனையே வெளியே நிறுத்தும் காவலை நாம் காவல் என்று சொல்லோம்.

பழைய எஞ்சினை மீண்டும் வார்க்கவேண்டும் என்பது எமது வேண்டுகோள் அன்று. காலம் பின்னோக்கி ஓடாது; ஓடவும் வேண்டா. சிக்கனமும் தூய புகையும் நமக்கு அவசியம். ஆனால் உழைப்பாளியின் யந்திரத்தை ஆக்குவோர் மூன்று கடமைகளை மேற்கொள்ளுதல் வேண்டும். விரைவில் தேயும் உறுப்பு எதுவோ, அது முதலில் கைக்கு எட்டுவதாக இருத்தல் முதற் கடமை. பழுதின் காரணத்தை அறியும் வழி உடையவனுக்குத் திறந்திருத்தல் இரண்டாவது. உச்ச வலிமையை மட்டுமன்றி, செப்பனிட எடுக்கும் நேரத்தையும் செலவையும் விற்கும்போதே வெளிப்படையாகக் கூறுதல் மூன்றாவது. இம்மூன்றும் விஞ்ஞானத்துக்கு முரணானவை அல்ல. விஞ்ஞானத்தை அறத்தோடு இணைப்பவை.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை யந்திரங்களை வரைவீர்கள். சிலர் அவற்றை விற்பீர்கள். சிலர் அவற்றைப் பற்றிய சட்டங்களை வகுப்பீர்கள். வரைபடத்தில் ஒரு திருகாணியை எங்கே வைப்பது என்று நீங்கள் ஆலோசிக்கும்போது, மழை நாளில் வீதியோரம் நின்றுபோன தன் லாரியின் மூடியைத் தூக்கிப் பார்க்கும் ஒரு மனிதனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் உங்கள் பெயரை அறியான். நீங்களும் அவன் முகத்தைக் காணப்போவதில்லை. ஆயினும் அத்திருகாணி அவன் கைக்கு எட்டுமாயின், அன்றைக் கூலி அவன் பிள்ளைகளுக்குச் சென்று சேரும்.